குரலும் அடைமொழியும்: வாணி ஜெயராமின் இசைவாழ்வில் ‘செவ்விசை’

ஆய்வுச்சுருக்கம்

முறையான செவ்விசைப் பயிற்சி பெற்ற திரைப்பின்னணிப் பாடகர்களுள் வாணி ஜெயராம் (1945–2023) குறிப்பிடத்தக்கவர். கருநாடக இசை, இந்துஸ்தானி இசை ஆகிய இரு மரபுகளிலும் தேர்ந்து, பல இந்திய மொழிகளில் பாடி, சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதை மூன்று முறை பெற்றவர். அவரைப் பற்றிய பதிவுகள் பெரும்பாலும் ‘செவ்விசைத் தேர்ச்சி கொண்ட பாடகி’ என்னும் அடைமொழியோடு நின்றுவிடுகின்றன. அவ்வடைமொழி எவ்வாறு உருவாயிற்று, அவருக்கு எவ்வாய்ப்புகளைத் தந்தது, எவ்வகைப் பாடல்களை மதிப்பீட்டிற்கு வெளியே நிறுத்தியது என்பவற்றை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. பின்னணிக் குரலுக்கும் காட்சி நிகழும் இடத்திற்கும் உள்ள உறவு நீலகிரி மலைப்பகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: வாணி ஜெயராம், பின்னணிப் பாடல், செவ்விசை, தேசிய விருது, இலங்கை வானொலி, நீலகிரி.

1. முன்னுரை

தமிழ்த் திரையிசை பற்றிய ஆய்வுகள் இசையமைப்பாளரையும் பாடலாசிரியரையும் மையமாகக் கொண்டே பெரிதும் அமைந்துள்ளன. பாடகர் அவற்றில் ஒரு கருவியாகவோ, வியப்பிற்குரிய ஆளுமையாகவோ இடம்பெறுகிறார். பாடகரின் பயிற்சி, தொழில்முறைத் தேர்வுகள், அவருக்குக் கிடைத்த பாடல்களின் இயல்பு, அவற்றுள் எவை போற்றப்பட்டன என்பன ஒருசேர ஆராயப்படுவது அரிது.

வாணி ஜெயராம் 2023ஆம் ஆண்டு சனவரியில் பத்மபூஷண் விருதுக்கு அறிவிக்கப்பட்டு, அதே ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் சென்னையில் காலமானார். அப்போது வெளிவந்த அஞ்சலிகளில் இரு செய்திகள் தவறாமல் இடம்பெற்றன. ஒன்று, அவர் பாடிய பாடல்களின் எண்ணிக்கை. மற்றொன்று, அவருடைய செவ்விசைத் தேர்ச்சி. எண்ணிக்கை ஒருவருடைய உழைப்பின் பரப்பைக் காட்டுமே அன்றி, அதன் தன்மையைக் காட்டாது. செவ்விசைத் தேர்ச்சி என்பது உண்மையே எனினும், பாராட்டாகச் சொல்லப்படும் ஓர் அடைமொழி வகைப்படுத்தும் வேலையையும் செய்கிறது. ஒரு பாடகியைச் ‘செவ்விசைப் பாடகி’ என்று அழைக்கும்போது, அவர் எதற்கு உரியவர் என்பதோடு எதற்கு உரியவரல்லர் என்பதும் சொல்லாமற் சொல்லப்படுகிறது. இவ்விரு பக்கங்களையும் காண்பது இக்கட்டுரையின் நோக்கம்.

2. முன்வரலாறு: பாடும் நடிகரிலிருந்து பின்னணிப் பாடகருக்கு

தமிழ்ப் பேசும்படத்தின் தொடக்ககாலத்தில் நடிப்பவரே பாடினார். எம்.கே. தியாகராஜ பாகவதர், பி.யு. சின்னப்பா, கே.பி. சுந்தராம்பாள் முதலியோர் நாடக மேடையின் வழியாகவும், எம்.எஸ். சுப்புலட்சுமி கச்சேரி மேடையின் வழியாகவும் திரைக்கு வந்தனர். 1930களின் இறுதியில் பின்னணிப் பாடல் முறை அறிமுகமாகி, 1940களில் வேரூன்றியபோது குரலும் உருவமும் வெவ்வேறு ஆட்களிடம் பிரிந்தன.

இப்பிரிவு செவ்விசைக் கலைஞர்களுக்கு ஒரு புதிய வாயிலைத் திறந்தது. திரையில் தோன்றாமலே திரையில் பங்கேற்க முடிந்தது. டி.கே. பட்டம்மாள் ‘நாம் இருவர்’ (1947) படத்தில் பாடினார். எம்.எல். வசந்தகுமாரியும் பி. லீலாவும் ‘மணமகள்’ (1951) படத்தில் சி.ஆர். சுப்பராமன் இசையில் இணைந்து பாடியது, கச்சேரி இசையும் திரையிசையும் ஒன்றையொன்று தழுவிநின்ற காலத்தின் அடையாளம். பெண்ணுடல் திரையில் காட்சிப்படுவதைப் பற்றிச் சமூகம் கொண்டிருந்த தயக்கம், மறைந்து நின்று பாடும் குரலுக்குப் பொருந்தவில்லை. தென்னிந்தியப் பின்னணிப் பாடல் மரபை ஆராய்ந்த அமாண்டா வைட்மன், பாடகியின் மதிப்பு அவர் தம் குரலைத் தம் உடலிலிருந்து விலக்கி வைத்துக்கொள்ளும் முறையோடு பிணைந்திருந்ததை விரிவாகக் காட்டியுள்ளார்.

1950களின் நடுப்பகுதி முதல் பி. சுசீலாவும், 1957 முதல் எஸ். ஜானகியும் திரைப்பாடலையே முழுநேரத் தொழிலாகக் கொண்ட புதிய தலைமுறையைத் தொடங்கி வைத்தனர். இதன்பின் செவ்விசைப் பயிற்சி ஒரு பாடகிக்கு நுழைவுரிமையாக இருப்பது குறைந்து, தனிச்சிறப்பாகச் சுட்டப்படும் நிலை ஏற்பட்டது. வாணி ஜெயராம் திரைக்கு வந்தது இம்மாற்றம் முழுமை பெற்றபின்னரே.

3. பயிற்சிக் காலம்: வேலூர், சென்னை, மும்பை

வாணி ஜெயராம் 1945ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் வேலூரில் பிறந்தார். இயற்பெயர் கலைவாணி. இசைப்பற்று மிக்க குடும்பம். தாயார் பத்மாவதி ரங்கராமானுஜ ஐயங்காரிடம் இசை பயின்றவர். கலைவாணி கடலூர் ஸ்ரீனிவாச ஐயங்கார், டி.ஆர். பாலசுப்பிரமணியன், ஆர்.எஸ். மணி ஆகியோரிடம் கருநாடக இசை கற்றார். எட்டு வயதிலேயே சென்னை வானொலியில் பாடினார்.

இப்பயிற்சிக்கு இணையாக மற்றொரு பயிற்சியும் நிகழ்ந்தது. இலங்கை வானொலியின் இந்தித் திரைப்பாடல் ஒலிபரப்பைச் சிறுவயதில் இடைவிடாது கேட்டு, அப்பாடல்களை இடையிசையோடு மனப்பாடம் செய்தவர் அவர். குருவிடம் கற்றது ஒரு மரபு. வானொலியில் கேட்டது மற்றொரு மரபு. ஒலிவாங்கியின் முன் குரலை அடக்கிப் பாடுதல், சொல்லின் உணர்ச்சிக்கு ஏற்பக் குரலின் நிறத்தை மாற்றுதல், மூன்றரை நிமிடங்களுக்குள் ஒரு மனநிலையை நிறைவுசெய்தல் ஆகியவை கச்சேரி மரபில் கற்பிக்கப்படுபவை அல்ல. அவருடைய செவ்விசைக் குருமார்களின் பெயர்களை வரிசைப்படுத்தும் பதிவுகள், வானொலி என்னும் இவ்விரண்டாம் ஆசானை ஒரு சுவையான துணுக்காகவே குறிப்பிட்டுச் செல்கின்றன. திரைப்பாடகி என்ற நிலையில் இரண்டுமே சம அளவில் கருதத்தக்கவை.

சென்னை ராணி மேரிக் கல்லூரியில் பயின்றபின் பாரத ஸ்டேட் வங்கியில் பணியில் சேர்ந்தார். 1967இல் ஐதராபாத்திற்கு மாற்றலானார். இசைக்கலைஞர் வாழ்வில் வங்கிப் பணி ஒரு புறச்செய்தியாகத் தோன்றலாம். ஆயினும் 1960களில் நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணுக்கு வங்கி வேலை பொருளாதார உறுதியையும் சமூக மதிப்பையும் ஒருங்கே தந்தது. பாடலைத் தொழிலாகத் தேர்வது அவ்வுறுதியைக் கைவிடுவதாகும்.

1960களின் இறுதியில் ஜெயராமை மணந்து மும்பையில் குடியேறினார். கணவரின் ஊக்கத்தால் பட்டியாலா கரானாவைச் சேர்ந்த உஸ்தாத் அப்துல் ரஹ்மான் கானிடம் இந்துஸ்தானி இசை பயிலத் தொடங்கினார். கியால் மட்டுமன்றி தும்ரி, கஜல், பஜனை ஆகிய வடிவங்களையும் கற்றார். பயிற்சியின் கடுமை வங்கிப் பணிக்கு இடந்தரவில்லை, பணியை விட்டார்.

இவ்விடத்து ஒரு நுட்பம் நோக்கத்தக்கது. கருநாடக இசையில் கமகம் சுரத்தின் உயிராகக் கருதப்படுகிறது. சுரம் அசைவோடுதான் தன் இயல்பைப் பெறுகிறது. இந்துஸ்தானி மரபில் சுரத்தின் மீது நீண்டு நிற்றலும், ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு இழைந்து செல்லும் மீண்டும், விரைவான தானும் முதன்மை பெறுகின்றன. தும்ரியிலும் கஜலிலும் சொல்லின் பொருளே இசையை நடத்துகிறது. முதிர்ந்த கருநாடகக் குரலொன்று இருபது வயதுகளின் நடுவில் இம்மரபுக்குத் தன்னைப் பழக்கிக்கொள்வது எளிதன்று. பின்னாளில் வாணியின் குரலில் வியந்து பேசப்பட்ட சுருதித் துல்லியமும் அசைவின்றி நிற்கும் நீண்ட சுரங்களும் இவ்விரண்டாம் பயிற்சியின் பேறு எனலாம்.

4. மும்பையின் வாயிலும் வரம்பும்

இசையமைப்பாளர் வசந்த் தேசாயின் வழியாகவே அவருக்கு முதல் வாய்ப்புகள் கிடைத்தன. மராத்தி நாடகமொன்றுக்காக, தேசாயின் இசையில் குமார் கந்தர்வாவுடன் இணைந்து அவர் பாடிய பாடல் மராத்தியரிடையே நிலைத்த புகழ் பெற்றது. கணீரென்ற மேடைக்குரலுக்கு மாற்றாக, குறுகிய மூச்சலகுகளில் இசையைச் செதுக்கிய குமார் கந்தர்வாவோடு பாடுவது புதிய பாடகி ஒருவருக்கு எளிய தேர்வன்று.

1971இல் ரிஷிகேஷ் முகர்ஜியின் ‘குட்டி’ என்னும் இந்திப் படம் வெளிவந்தது. ஜயா பாதுரி ஏற்ற பள்ளி மாணவி பாத்திரத்துக்காக வாணி பாடினார். அப்படத்தில் மியான் கி மல்ஹார் இராகத்தில் அமைந்த ‘போலே ரே பபீஹரா’ பாடல் ஒரே நாளில் அவரை இந்தியா முழுதும் அறியச் செய்தது. கோமள காந்தாரத்தின் மெல்லசைவும், இரு நிஷாதங்களும் அடுத்தடுத்து வரும் நுட்பமும் இவ்விராகத்தின் அடையாளங்கள். சிறுமியொருத்தியின் இளங்குரலில் இவற்றைப் பிழையின்றிக் கொணர்ந்ததே அப்பாடலின் ஈர்ப்பு. செவ்விசை அடிப்படையிலான திரைப்பாடலுக்கான தான்சேன் விருது இதற்குக் கிடைத்தது. அதே படத்தில் அவர் பாடிய வழிபாட்டுப் பாடல் வட இந்தியப் பள்ளிகளின் காலை வழிபாட்டில் இன்றும் ஒலிக்கிறது.

முதல் வெற்றியே அடைமொழியின் தொடக்கமாகவும் அமைந்தது. நௌஷாத், மதன் மோகன், ஓ.பி. நய்யார் முதலியோரின் இசையில் அவர் பாடினாலும், இந்தித் திரையுலகில் முதன்மைக் கதைத்தலைவியின் நிலையான குரலாக அவர் ஆகவில்லை. அவ்விடம் லதா மங்கேஷ்கர், ஆஷா போஸ்லே ஆகியோரிடம் உறுதிப்பட்டிருந்தது. 1975 திசம்பரில் வசந்த் தேசாய் மறைந்தது மற்றோர் இழப்பு. லதா மங்கேஷ்கர் ஏற்காத நிலையில், குல்சாரின் ‘மீரா’ (1979) படத்தின் பாடல்கள் பண்டிட் ரவிசங்கரின் இசையில் வாணிக்கு வந்தன. அதற்காக ஃபிலிம்ஃபேர் விருதும் பெற்றார். இங்கும் பக்தியும் இராக இசையும் கூடிய களமே அவருக்கு வாய்த்தது என்பது கருதத்தக்கது.

5. தெற்கு நோக்கிய திருப்பம்

1973ஆம் ஆண்டு அவருடைய வாழ்வில் திருப்புமுனை. ‘வீட்டுக்கு வந்த மருமகள்’ என்னும் தமிழ்ப்படத்தில் சங்கர்–கணேஷ் இசையில் டி.எம். சௌந்தரராஜனுடன் பாடினார். அதே ஆண்டில் சலில் சௌத்ரியின் இசையில் ‘ஸ்வப்னம்’ படத்தின் வழி மலையாளத்திலும், விஜயபாஸ்கரின் இசையின் வழி கன்னடத்திலும் அறிமுகமானார். 1974இல் எம்.எஸ். விஸ்வநாதனின் இசையில் வந்த ‘தீர்க்கசுமங்கலி’ தமிழ்நாட்டில் அவர் பெயரை நிலைநிறுத்தியது. மல்லிகையைப் பாடும் அப்பாடல் இல்லற மகிழ்வைச் சொல்லும் எளிய பாடல். இராக விரிவைக் காட்டும் பாடலன்று. தமிழர் அவரை முதலில் ஏற்றது வித்வத்துக்காக அன்று, குரலின் கனிவுக்காகவே என்பதை இது காட்டுகிறது.

தென்னகத்தின் நான்கு மொழித் திரையுலகங்களுக்கும் சென்னையே அப்போது ஒலிப்பதிவு மையமாக இருந்தது. காலையில் தமிழ், மாலையில் தெலுங்கு எனப் பல மொழிப் பதிவுகள் அடுத்தடுத்து நிகழ்ந்தன. பாடகரும் முழு வாத்தியக் குழுவும் ஒரே வேளையில் பாடி இசைத்துப் பதிவு செய்யும் முறை நடைமுறையில் இருந்தது. எங்கேனும் ஒரு பிழை நேர்ந்தால் பாடல் முழுவதையும் மீண்டும் பாடவேண்டும். பாடலைக் கேட்டவுடன் சுரப்படுத்திக் குறித்துக்கொள்ளக்கூடிய பாடகி, இச்சூழலில் இசையமைப்பாளரின் நேரத்தையும் தயாரிப்பாளரின் செலவையும் மிச்சப்படுத்துபவர். செவ்விசைப் பயிற்சியின் தொழில்முறைப் பயன் முதலில் இங்கேதான் இருந்தது. இராகப் பாடல்களில் மட்டுமே அப்பயிற்சி பயன்பட்டதாகக் கருதுவது பொருந்தாது.

6. மூன்று தேசிய விருதுகள்

சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதை ‘அபூர்வ ராகங்கள்’ (1975), ‘சங்கராபரணம்’ (1979ஆம் ஆண்டுக்கான விருது), ‘சுவாதி கிரணம்’ (1991ஆம் ஆண்டுக்கான விருது) ஆகிய படங்களுக்காக வாணி பெற்றார். முதலாவது தமிழ், மற்ற இரண்டும் தெலுங்கு. இம்மூன்றையும் ஒருங்கே வைத்து நோக்கினால் ஒரு பொதுமை புலப்படுகிறது: மூன்று படங்களின் கதைமாந்தரும் இசைக்கலைஞர்களே.

கே. பாலசந்தரின் ‘அபூர்வ ராகங்கள்’ படத்தில் பைரவி என்னும் பாடகியாக ஸ்ரீவித்யா நடித்தார். எம்.எஸ். விஸ்வநாதன் இசையில், கண்ணதாசன் வரிகளில், ‘ஏழு ஸ்வரங்களுக்குள்’ பாடல் கதைக்குள்ளேயே ஒரு மேடைக் கச்சேரியாக நிகழ்கிறது. இதில் ஒரு வரலாற்று முரண் அடங்கியுள்ளது. ஸ்ரீவித்யா எம்.எல். வசந்தகுமாரியின் மகள். திரைப்பாடலுக்குக் குரல்தந்த செவ்விசைக் கலைஞரின் மகள் திரையில் உருவம் தர, அவருக்கு வேறொரு செவ்விசைப் பாடகி குரல் தந்தார். ஒரு தலைமுறைக்குள் குரலும் உருவமும் எவ்வளவு முழுமையாகப் பிரிந்துவிட்டன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

கே. விஸ்வநாத்தின் ‘சங்கராபரணம்’ கே.வி. மகாதேவனின் இசையில் அமைந்தது. மேலையிசையின் வரவால் மதிப்பிழக்கும் கருநாடக இசையின் மீட்சியைப் பேசிய படம் அது. பத்ராசல ராமதாசர், சதாசிவ பிரம்மேந்திரர், மைசூர் வாசுதேவாச்சார் ஆகியோரின் உருப்படிகள் அதில் இடம்பெற்றன. எஸ்.பி. பாலசுப்பிரமணியத்தோடு வாணி பாடிய பாடல்களில் பல சிறுவனான சீடனுக்குரியவை. மேடையில் குரு தளரும்போது, பாடலை விட்ட இடத்திலிருந்து எடுத்துத் தொடரும் சீடனின் குரல் வாணியுடையது. அச்சிறுவனாக நடித்தவர் துளசி என்னும் சிறுமி.

‘சுவாதி கிரணம்’ படத்திலும் கே. விஸ்வநாத், கே.வி. மகாதேவன் ஆகியோரே இணைந்தனர். மம்மூட்டி ஏற்ற பெரும் வித்வான், தம்மினும் மேம்பட்ட திறன் கொண்ட சிறுவனிடம் கொள்ளும் பொறாமையே கதை. அச்சிறுவனுக்கும் குரல் தந்தவர் வாணியே. அப்போது அவருக்கு வயது நாற்பத்தைந்துக்கு மேல்.

ஆக, மூன்று விருதுகளில் இரண்டு சிறுவனின் குரலாக ஒலித்த படங்களுக்கு உரியவை. செவ்விசையின் தூய்மையைத் திரையில் காட்டவேண்டிய இடத்தில், வயதும் பாலும் கடந்த ஒரு குரல் தேவைப்பட்டது. காதல், இச்சை, ஊடல் முதலிய உடல்சார் உணர்வுகளிலிருந்து விலகிய குரலாக வாணியின் குரல் கேட்கப்பட்டதே இத்தேர்வுக்கு அடிப்படை.

இதனை எஸ். ஜானகி பெற்ற தேசிய விருதுகளோடு ஒப்பிடல் தகும். ஜானகி ‘16 வயதினிலே’ (1977), ‘ஓப்போள்’ (1980), ‘சிதாரா’ (1984), ‘தேவர் மகன்’ (1992) ஆகியவற்றுக்காக விருது பெற்றார். இரு தமிழ்ப்படங்களும் கிராமத்துப் பெண்ணின் விருப்பத்தைப் பாடுபவை. ஒரே விருது, ஒரே காலம். ஆனால் இரு பாடகியரிடமிருந்து இரு வேறு தகுதிகள் எதிர்பார்க்கப்பட்டன. கே.எஸ். சித்ராவுக்கு விருது பெற்றுத்தந்த ‘சிந்து பைரவி’ (1985) இவ்விரண்டும் மோதும் களம். அங்குக் கதையே கச்சேரி இசைக்கும் மக்கள் மொழிப் பாடலுக்கும் இடையிலான வழக்காக அமைகிறது.

7. அடைமொழிக்கு வெளியே நின்ற பாடல்கள்

விருதுகளை மட்டும் கொண்டு வாணியின் இசைவாழ்வை வரைந்தால் பெரும்பகுதி விடுபட்டுப்போகும். மகேந்திரனின் ‘முள்ளும் மலரும்’ (1978) படத்தில் இளையராஜாவின் இசையில், உணவின்மீது ஆசை கொண்ட கிராமத்துப் பெண்ணுக்காக அவர் பாடிய பாடல் சோறும் குழம்பும் பற்றியது. இராகத் தூய்மையின் அடையாளமாகக் கொண்டாடப்பட்ட குரல், இங்கு நாவின் ருசியைப் பாடுகிறது. சொற்களை இழுத்தும் குறுக்கியும், பேச்சின் ஏற்ற இறக்கத்தைக் குரலில் கொணர்ந்தும் அவர் பாடியுள்ள முறை, நாட்டார் வழக்கைப் போலி செய்யாமல் பாத்திரத்தின் குறும்பை வெளிப்படுத்துகிறது.

‘ரோசாப்பூ ரவிக்கைக்காரி’ (1979) படத்தில் அதே இசையமைப்பாளரிடம் அவர் பாடியது, மணமான பெண்ணொருத்தியின் உள்ளத்தில் எழும் பெயரிடப்படாத தவிப்பை. ‘பாலைவனச் சோலை’ (1981) படத்தில் சங்கர்–கணேஷ் இசையில் பாடியது கஜல் நடையிலமைந்த தனிமைப் பாடல்; உஸ்தாத் அப்துல் ரஹ்மான் கானிடம் கற்ற சொல்வழி இசைத்தல் தமிழில் வெளிப்பட்ட இடமாக அதனைக் கொள்ளலாம். ‘வைதேகி காத்திருந்தாள்’ (1984) படத்தில் பி. ஜெயச்சந்திரனோடு பாடிய பாடல் இளம் கைம்பெண்ணின் மனக்கிளர்ச்சியைச் சூழ்ந்தது. ஏ.ஆர். ரகுமானின் இசையில் ‘வண்டிச்சோலை சின்னராசு’ (1994) படத்திலும் பாடினார்.

இவற்றில் எதுவும் இசைக்கலைஞரைப் பற்றிய பாடலன்று. ஆசை, ஏக்கம், பசி, குறும்பு ஆகிய அன்றாட உணர்வுகளே பொருள். ஆயினும் ‘செவ்விசைப் பாடகி’ என்னும் சட்டகத்துள் இவை பொருந்தாமையால், அவருடைய மதிப்பீட்டில் துணைநிலையே பெறுகின்றன. இளையராஜா தம் இசையில் முதன்மையான பெண்குரலாக ஜானகியைத் தேர்ந்தது 1976க்குப் பின்னர்த் தமிழில் வாணியின் இடத்தைச் சுருக்கியது என்பதும் இங்குக் கருதவேண்டிய ஒன்று. திரையிசை கிராமம் நோக்கித் திரும்பிய காலத்தில், கச்சேரி மேடையின் சாயல் கொண்டதாகப் பெயர்பெற்ற குரலுக்கு வாய்ப்புக் குறைந்தது. அக்குரல் நாட்டார் சாயலிலும் சிறக்கும் என்பதற்கு ‘முள்ளும் மலரும்’ சான்றாக நின்றும், பெயரே முந்திக்கொண்டது.

மலையாளத்தில் நிலைமை வேறாக இருந்தது. ‘1983’ (2014) படத்தில் கோபி சுந்தரின் இசையில் ஜெயச்சந்திரனோடும், ‘ஆக்‌ஷன் ஹீரோ பிஜு’ (2016) படத்தில் கே.ஜே. யேசுதாசோடும் அவர் பாடியவை இளந்தலைமுறையினரிடம் பெரும் வரவேற்பைப் பெற்றன. அறுபத்தெட்டு வயதில் இளங்காதலைப் பாடிய குரலாக அங்கு அவர் மீண்டும் ஏற்கப்பட்டார். அங்கு அவரை அழைத்தது வித்வத்தின் நினைவன்று. 1970களின் திரைக்குரல் பற்றிய ஏக்கமே.

8. மலையும் குரலும்: நீலகிரியிலிருந்து ஒரு நோக்கு

பின்னணிக் குரலின் இயல்பை அறிய, பாடல் படமாகும் நிலத்திலிருந்து நோக்குவதும் பயன் தரும். உதகை, குன்னூர், கேத்தி முதலிய நீலகிரி ஊர்கள் நெடுங்காலமாகத் திரைப்படக் களங்களாக விளங்குகின்றன. தேயிலைச் சரிவில் நடிகர் வாயசைக்க, குரலோ சென்னையின் ஒலிப்பதிவுக் கூடத்தில் முன்பே பதிவாகியிருக்கும். கேத்தி இரயில் நிலையத்தில் இறுதிக்காட்சி படமான ‘மூன்றாம் பிறை’ (1982) மறு ஆண்டில் இந்தியில் ‘சத்மா’வாக ஆனபோது மலையும் முதன்மை நடிகர் இருவரும் மாறவில்லை, பாடல்களும் பாடியவர்களும் பெரிதும் மாறினர். குரல் நிலத்தோடும் உடலோடும் கட்டுண்டதன்று, மொழிச் சந்தையோடு கட்டுண்டது என்பதை இது தெளிவாக்குகிறது. வேலூரில் பிறந்து மும்பையில் வாழ்ந்த பாடகி ஒருவர் நான்கு தென்மொழிகளிலும் ஒரே ஆண்டளவில் நுழைய முடிந்ததற்கும் இதுவே காரணம்.

திரைத்தொழிலுக்கு நீலகிரி இயற்கைக் காட்சியை மட்டும் தரவில்லை. 1960இல் உதகையில் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் பொதுத்துறை நிறுவனம் கறுப்பு வெள்ளைத் திரைச்சுருளை உற்பத்தி செய்தது. திரைச்சுருளின் ஓரத்தில் ஓடும் ஒளிவழி ஒலித்தடமே அக்காலத்தில் பாடகரின் குரலைத் திரையரங்குக்குக் கொண்டு சேர்த்தது. குரலின் வரலாறு இசையின் வரலாறாக மட்டுமன்றி, வேதிப்பொருளின், தொழிற்சாலையின், தொழிலாளரின் வரலாறாகவும் இருப்பதை அந்நிறுவனம் நினைவூட்டுகிறது.

இத்தொடர்பில் மற்றொரு தடம் வானொலி. கலைவாணியைத் திரைப்பாடலின்பால் ஈர்த்தது இலங்கை வானொலியின் இந்தி ஒலிபரப்பு. அதன் தமிழ் ஒலிபரப்பு தமிழ்நாட்டில் பரவலாகக் கேட்கப்பட்டது; 1970களில் வாணியின் தமிழ்ப்பாடல்கள் மக்களைச் சென்றடைந்த வழிகளுள் அதுவும் ஒன்று. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி உடன்பாட்டின்படி இலங்கையிலிருந்து வந்த மலையகத் தமிழருள் பலர் நீலகிரியில் குடியேறினர். அவர்களுக்காகத் தமிழக அரசு 1968 முதல் தேயிலைத் தோட்டங்களை உருவாக்கியது. அத்தீவை விட்டு வந்தவர்களின் லயன் வீடுகளில், அத்தீவின் வானொலிவழி வந்த குரல் எப்பொருளில் கேட்கப்பட்டது என்பது தனி ஆய்வுக்குரியது. கச்சேரி அரங்கு அறியாத அக்கேட்போருக்கு ‘செவ்விசை’ என்னும் அடைமொழி எவ்வகையிலும் தேவைப்பட்டிராது. அவர்கள் கேட்டது ஒரு பாட்டை; ஒரு மரபின் சான்றிதழை அன்று. கோத்தகிரி, கூடலூர்ப் பகுதிகளில் மூத்த தலைமுறையினரிடம் வாய்மொழித் தரவுகளைத் திரட்டினால், திரையிசையின் கேட்போர் வரலாறு புதிய தெளிவு பெறும்.

9. முடிவுரை

மேற்கண்ட ஆய்வினால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

முதலாவதாக, வாணி ஜெயராமின் பயிற்சி கருநாடக இசை, இந்துஸ்தானி இசை, வானொலிவழித் திரையிசை என மூன்று அடுக்குகளைக் கொண்டது. முதலிரண்டை மட்டும் சிறப்பித்து மூன்றாவதைத் துணுக்காகச் சுருக்குவது, திரைப்பாடல் தனக்கெனப் பயிற்சியும் நுட்பமும் உடைய கலை என்பதை மறைத்துவிடுகிறது.

இரண்டாவதாக, அவர் பெற்ற மூன்று தேசிய விருதுகளும் இசைக்கலைஞரைக் கதைமாந்தராகக் கொண்ட படங்களுக்கே உரியவை. செவ்விசையைப் பற்றிய திரைப்பாடலையே சிறந்த திரைப்பாடலாகக் கொள்ளும் மதிப்பீட்டு மரபு அவரை உயர்த்தியது. அதுவே அவருடைய பிற பாடல்களை நிழலில் நிறுத்தியது.

மூன்றாவதாக, மும்பையிலும் பின்னர்த் தமிழிலும் அவருக்கு வாய்ப்புகள் குறைந்தமைக்குத் திறன் காரணமன்று. இந்தியில் முன்பே நிலைபெற்றிருந்த குரல்களும், தமிழில் 1976க்குப் பின் ஏற்பட்ட இசைப்போக்கு மாற்றமும், அவருக்கு அளிக்கப்பட்ட பெயரும் சேர்ந்தே அதனைத் தீர்மானித்தன.

கச்சேரி இசையை மேலாகவும் திரையிசையைக் கீழாகவும் வைத்து, மேலிருந்து கீழிறங்கிவந்து சிறப்புச் செய்தவராக ஒரு பாடகியைப் போற்றும் முறை அவருக்கும் அவர் தேர்ந்த கலைக்கும் நியாயம் செய்வதாகாது. வங்கிப் பணியையும் கச்சேரி மேடையையும் விட்டு அவர் தேர்ந்தது திரைப்பாடலை. அதன் அளவுகோல்களைக் கொண்டு, ‘சங்கராபரண’த்தின் சீடனையும் ‘முள்ளும் மலரும்’ படத்தின் பசித்த பெண்ணையும் ஒரே தட்டில் வைத்து ஆராய்வதே அத்தேர்வை மதிக்கும் ஆய்வுநெறியாகும்.